மைசூர் பேங்க் சர்க்கிள்

வங்கித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளின் நோட்டில் ஒரு வரி தவறாமல் இருக்கும். 2017 ஏப்ரல் 1: ஸ்டேட் பேங்க் ஆஃப் இந்தியாவுடன் ஐந்து துணை வங்கிகளும் பாரதிய மகிளா வங்கியும் இணைந்தன. அதற்குக் கீழே, இணைப்பின்போது தலைவர் அருந்ததி பட்டாச்சார்யா, அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். இன்னும் இரண்டு வரி தள்ளி, 2024 ஆகஸ்டில் சல்லா ஸ்ரீநிவாசுலு செட்டி தலைவரானது, அந்த டிசம்பரில் சஞ்சய் மல்ஹோத்ரா ரிசர்வ் வங்கி கவர்னரானது. பொருளாதாரம், நியமனம், விருது என்று பத்தி பிரித்து மனப்பாடம் செய்கிறார்கள். செய்யத்தான் வேண்டும், தேர்வில் அப்படித்தான் கேட்கிறார்கள்.

ஓய்வு பெற்ற பிறகு பெங்களூர் அல்சூரில் சில பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் இதைச் சொல்லிக்கொடுக்கிறேன். அந்த ஐந்து துணை வங்கிகளில் ஒன்றில்தான், ஸ்டேட் பேங்க் ஆஃப் மைசூரில், என் வேலைக்காலம் முழுவதும் கழிந்தது. நூறு வருடத்துக்கு மேல் நின்ற ஒரு வங்கி தேர்வுத் தாளில் கால் மதிப்பெண்ணாகச் சுருங்கிப்போவதை என்னால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

மெஜஸ்டிக்கிலிருந்து கெம்பேகவுடா ரோடு வழியாக வருகிற பஸ்ஸில் இன்றைக்கும் கண்டக்டர் “மைசூர் பேங்க், மைசூர் பேங்க்” என்றுதான் குரல் கொடுக்கிறார். அவென்யூ ரோடு தொடங்குகிற முனை அது. பேட்டைக்காரர்களுக்கு அந்த ரோடு தொட்டபேட்டை. எங்கள் தலைமை அலுவலகம் அந்த முனையில்தான் இருந்தது. பெயர்ப்பலகை மாறி வருடங்களாகியும் சர்க்கிளுக்கு வேறு பெயர் ஒட்டவில்லை. அரசியல் கட்சிகள் ஆர்ப்பாட்டம் அறிவித்தபோதெல்லாம் “மைசூர் பேங்க் சர்க்கிளில் காலை பத்து மணிக்கு” என்றுதான் போட்டன. அங்கிருந்து மார்க்கெட் பக்கம் இறங்கி நடந்தால் பழைய புத்தகக் கடைகள். வங்கித் தேர்வு கைடுகளை அங்கேதான் பாதி விலைக்கு வாங்குகிறார்கள்.

மைசூர் பேங்க் ஏன் பிறந்தது என்று புரிய, இந்த ஊர் ஒரு காலத்தில் இரண்டு ஊராக இருந்ததை நினைத்துக்கொள்ள வேண்டும். பேட்டை மகாராஜாவின் மைசூர் ராஜ்யத்துக்கு. 1809-ல் பிரிட்டிஷ் படை வந்து தங்கிய பகுதி தண்டு. 1947 ஜூலை வரைக்கும் தண்டின் நிர்வாகமே தனி. படைக்குச் சாமான் கொடுக்க, கட்டிடம் கட்ட, கடை வைக்க என்று வட ஆற்காடு, சேலம் பக்கத்திலிருந்து வந்த நம் ஆட்கள் தண்டில் குடியேறினார்கள். அல்சூர், சிவாஜிநகர், காக்ஸ் டவுன் எல்லாம் அப்படி வளர்ந்தவை. இன்றைய உயர் நீதிமன்றமான அட்டாரா கச்சேரியைக் கட்டிய காண்ட்ராக்டர் ஆற்காடு நாராயணசாமி முதலியார் அந்தத் தலைமுறை. 1873-ல் அவர் தொடங்கிய பள்ளிதான் ஆர்.பி.ஏ.என்.எம்.ஸ் என்ற பெயரில் இன்னும் நடக்கிறது.

தண்டுக்கு வங்கி இருந்தது. மெட்ராஸ் பேங்க் இங்கே கிளை வைத்திருந்தது. அதுதான் 1921-ல் கல்கத்தா, பம்பாய் வங்கிகளோடு சேர்ந்து இம்பீரியல் வங்கியாகி, 1955 ஜூலை 1 அன்று ஸ்டேட் பேங்க் ஆஃப் இந்தியா ஆனது. மெட்ராஸ் பேங்கின் மேஜையில் யாருக்குக் கடன் கிடைக்கும்? அரசாங்கத்துக்கு, வெள்ளைக்கார கம்பெனிக்கு, காபி தோட்டத் துரைக்கு, பெரிய வியாபாரிக்கு. பேட்டையில் தறி வைத்திருந்தவனும் கிராமத்தில் பட்டுப்புழு வளர்த்தவனும் சேட்டுக் கடைக்கோ ஊர்ச் சாகுகாரரிடமோதான் போக வேண்டும். வட்டி அவர்கள் சொன்னது.

இதோடு சேர்ந்து ஒரு பயமும் இருந்தது. 1906 அக்டோபரில் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி விழுந்தது. துரைகளின் கம்பெனி, அசையாது என்று நம்பிப் பென்ஷன் பணத்தையும் கல்யாணப் பணத்தையும் போட்டு வைத்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. ஜார்ஜ் அர்பத்நாட் சிறைக்குப் போனார், போட்டவர்களுக்குப் பணம் முழுதாகத் திரும்பவில்லை. அந்தக் கோபத்திலிருந்துதான் வி. கிருஷ்ணசாமி ஐயர் போன்றவர்கள் முன்னின்று 1907 ஆகஸ்ட் 15 அன்று இந்தியன் வங்கியைத் தொடங்கினார்கள். அதற்கு முந்தைய வருடமே மங்களூரில் அம்மெம்பால் சுப்பாராவ் பை கனரா வங்கிக்கு வித்திட்டிருந்தார், உடுப்பியில் ஹாஜி அப்துல்லா கார்ப்பரேஷன் வங்கியைத் தொடங்கியிருந்தார். நம் பணத்தை நம் ஊர் ஆட்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்கிற எண்ணம் தென்னிந்தியா முழுவதும் ஒரே சமயத்தில் எழுந்த காலம் அது.

மைசூரில் அந்த எண்ணத்தை அரசாங்கமே கையில் எடுத்தது. 1911-ல் மைசூர் பொருளாதார மாநாடு என்று ஓர் அமைப்பு உருவானது. விவசாயம், கல்வி, தொழில் என்று குழு குழுவாக உட்கார்ந்து ராஜ்யத்துக்கு என்ன குறை என்று பார்த்தார்கள். அதில் வங்கிக்கான யோசனைக்குப் பின்னால் நின்றவர் எம். விஸ்வேஸ்வரய்யா. 1912 நவம்பரில் அவர் திவானானார். நாலாம் கிருஷ்ணராஜ உடையார் ஆதரவோடு 1913 அக்டோபர் 2 அன்று பேங்க் ஆஃப் மைசூர் கதவைத் திறந்தது. விஸ்வேஸ்வரய்யாவை நாம் கண்ணம்பாடி அணையோடு சேர்த்துத்தான் நினைக்கிறோம். காவிரித் தகராறு பேசுகிற தமிழனுக்கு அந்தப் பெயர் கொஞ்சம் உறுத்தும். வங்கி விஷயத்தில் அவருக்கு நான் முழு மனதோடு கும்பிடு போடுவேன். 1955-ல் பாரத ரத்னா வாங்கியவர் என்று பிள்ளைகள் எழுதுகிறார்களே, விருது எதற்கு என்று கேட்டால் அணை என்பார்கள். வங்கி, பல்கலைக்கழகம், சோப்பு ஃபேக்டரி, வர்த்தக சபை எல்லாம் அந்த ஆறு வருட திவான் காலத்தில் வந்தவை என்பது விடுபட்டுப்போகிறது.

வங்கி திறந்த நேரம் சாதாரண நேரம் இல்லை. அதே 1913-ல் லாகூரில் பீப்பிள்ஸ் பேங்க் விழுந்தது, நவம்பரில் பம்பாயில் இந்தியன் ஸ்பீசி பேங்க் விழுந்தது. சுதேசி வங்கி என்றாலே ஜனங்கள் பயந்து பணத்தை எடுத்துக்கொண்டிருந்த மாதங்களில் ஒரு புது வங்கி தாக்குப்பிடித்தது என்றால், பின்னால் மைசூர் அரசு நின்றதுதான் காரணம்.

சுதந்திரத்துக்குப் பின், கிராமத்துக்குக் கடன் எப்படிப் போகிறது என்று ஆராய்ந்த கோர்வாலா குழு 1954-ல் அறிக்கை கொடுத்தது. இம்பீரியல் வங்கியையும் சமஸ்தான அரசுகளோடு தொடர்புடைய வங்கிகளையும் சேர்த்து ஒரு பெரிய அரசு வங்கி வேண்டும் என்றது. 1959-ல் துணை வங்கிகளுக்கான சட்டம், 1960 மார்ச்சில் பேங்க் ஆஃப் மைசூர், ஸ்டேட் பேங்க் ஆஃப் மைசூர் ஆனது. ஊரில் யாரும் அந்த நீளப் பெயரைச் சொன்னதில்லை. கடைசி வரை மைசூர் பேங்க்தான்.

நான் சேர்ந்த சில வருடங்களில் ராமநகரம் கிளைக்குப் போட்டார்கள். பெங்களூரிலிருந்து மைசூர் போகிற வழியில் 50 கிலோமீட்டர். பட்டுக்கூடு மார்க்கெட் அந்த ஊரின் உயிர். காலையில் கிளை திறப்பதற்கு முன்பே ரீலர்கள் வாசலில் நிற்பார்கள். கூட்டிலிருந்து நூல் எடுக்கிறவர்கள், பெரும்பாலும் முஸ்லிம் குடும்பங்கள், பேசுவது தக்கினி உருது. பித்தளை டோக்கன் வாங்கி, லெட்ஜரில் பேலன்ஸ் பார்த்து, பாஸிங் ஆபீசர் கையெழுத்துப் போட்டு, கேஷ் கவுண்டரில் பணம் எண்ணிக் கையில் வருவதற்குள் மார்க்கெட்டில் லாட் ஏலம் ஆரம்பித்துவிடும். அரை மணி நேரம் தாமதமானால் அன்றைக்கு நல்ல கூடு போய்விடும். “சாப், ஜல்தி” என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கெஞ்சுவார்கள். மத்தியானம் அதே நோட்டுக் கட்டுகள் விவசாயிகள் கையில் திரும்பி வரும். அவர்களில் பாதிப்பேர் கன்னடம். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து கூடு கொண்டு வந்தவர்களும் இருப்பார்கள். “தமிழா சார் நீங்க?” என்று கேட்டு என் கவுண்டருக்கே வந்து நிற்பார்கள். டிராஃப்ட் ஃபாரத்தை நிரப்பிக் கொடுத்தால் அடுத்த முறை வரும்போது ஒரு பை ராகி மாவு வரும். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன், கேட்கமாட்டார்கள்.

இந்தத் தொழிலில் கடன் கொடுப்பதற்கு ஒரு கணக்கு உண்டு. முட்டை பொரிந்து ஏறத்தாழ 25 நாளில் புழு இலை தின்று முடித்துச் சந்திரிகை என்கிற மூங்கில் தட்டில் கூடு கட்டும். கட்டி முடித்த கூட்டை வைத்துக்கொண்டு விவசாயி விலைக்குக் காத்திருக்க முடியாது. பத்துப் பன்னிரண்டு நாளில் உள்ளே இருக்கிற புழு அந்துப்பூச்சியாகிக் கூட்டைத் துளைத்து வெளியே வந்துவிடும். ஓட்டை விழுந்த கூட்டில் நூல் அறுந்துபோகும். ஆகவே விவசாயி உடனே விற்க வேண்டும், ரீலர் உடனே வாங்கி அடுப்பில் ஏற்ற வேண்டும், ரீலருக்குப் பணம் அன்றே வேண்டும். கடன் விண்ணப்பத்தைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பி ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தால், அந்தக் கடனால் பூச்சிக்குத்தான் லாபம்.

எங்கள் மேனேஜர் ஒருவர் மழை பெய்தால் மார்க்கெட் பக்கம் ஒரு நடை போய் வருவார். மழையில் கூடு ஈரமானால் நூல் குறையும், விலை இறங்கும், ரீலருக்கு அன்று கூடுதல் பணம் தேவைப்படாது, விவசாயிக்குத் தவணை கட்டக் கஷ்டமாகும். இதை அவர் எந்தச் சுற்றறிக்கையிலும் படிக்கவில்லை. சன்னபட்டணம், கனகபுரா, ராமநகரம் என்று அந்த வட்டாரத்துக் கிளைகளிலேயே சுற்றி வந்தவர். எந்த ரீலர் நூலை அடகு வைத்து வாங்கிய கடனைச் சொன்ன தேதியில் அடைப்பார், யார் அடுத்த கடனை வாங்கி முந்தின கடனை அடைக்கிறார் என்று முகத்தைப் பார்த்துச் சொல்லுவார். சிக்கமகளூரில் வேலை பார்த்த நண்பர்கள் காபியைப் பற்றி இதே மாதிரி பேசுவார்கள். பூ மழை எப்போது பெய்தது என்று கேட்டுவிட்டுத்தான் கடன் விண்ணப்பத்தைப் பிரிப்பார்கள். 1913-ல் விஸ்வேஸ்வரய்யா கேட்ட வங்கி இதுதான் என்று நான் நினைக்கிறேன். ஊரின் தொழில் தெரிந்த, அந்தத் தொழிலின் நாட்கணக்குத் தெரிந்த வங்கி.

2016-ல் இணைப்புப் பேச்சு உறுதியானபோது ஊழியர் சங்கங்கள் எதிர்த்தன, அந்த ஜூலையில் வேலைநிறுத்தமும் நடந்தது. கேரள சட்டமன்றம் ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவாங்கூருக்காகத் தீர்மானமே போட்டது. இங்கே அந்த அளவுக்குச் சத்தம் எழவில்லை. பங்கு வைத்திருந்தவர்களுக்கு மைசூர் பேங்கின் 10 பங்குக்கு ஸ்டேட் பேங்கின் 22 பங்கு என்று கணக்குச் சொன்னார்கள். 2017 ஏப்ரல் முதல் தேதி சனிக்கிழமை. பலகைகள் ஒன்றொன்றாக மாறின. எஸ்.பி.எம்.ஒய். என்று தொடங்கிய ஐ.எஃப்.எஸ்.சி. எண்கள் எஸ்.பி.ஐ.என். ஆயின. ஆனால் எண்ணைக் கவனித்துப் பார்த்தால் ஒன்று தெரியும். பழைய மைசூர் பேங்க் கிளைகளின் எண்ணில் எழுத்துகளுக்குப் பின் 0040 என்று வரும். திருவாங்கூர் கிளைகளுக்கு 0070. வாடகை அனுப்ப, பள்ளிக் கட்டணம் கட்ட என்று இந்த எண்ணைத் தினமும் செல்போனில் தட்டுகிறவர்கள் லட்சக்கணக்கில் இருப்பார்கள்.

இணைப்புக்கு எதிராக ஒரேயடியாகப் பேச நான் தயாரில்லை. ஒரு பெரிய தொழிற்சாலைக்கு ஆயிரம் கோடி கடன் கொடுக்க எங்கள் வங்கிக்குத் தெம்பு போதாது. கொடுக்கப் போய்ச் சில இடங்களில் கையைச் சுட்டுக்கொண்டதும் உண்டு. தொழில்நுட்பச் செலவைத் தனியாகத் தாங்குவது சிரமம். இதெல்லாம் நிஜம். ஆனால் இணைப்பின் லாபத்தைச் சொல்லும்போது சொத்து மதிப்பு, உலகத் தரவரிசையில் எத்தனையாவது இடம் என்று எண்கள் வருகின்றன. மழைக்கு மார்க்கெட் பக்கம் போய் வந்த மேனேஜர் எந்தப் பத்தியில் வருவார்? அவர் ஓய்வு பெற்றால் அந்த இடத்துக்கு யார், எங்கிருந்து வருவார், எத்தனை வருடம் இருப்பார் என்பதும் வங்கியின் சொத்துதான். அதற்கு ஐந்தொகையில் இடமில்லை.

பெங்களூரில் இப்படிப் போனது எங்கள் வங்கி மட்டும் இல்லை. 1930-ல் இங்கேயே பிறந்த வைசியா வங்கி, ஐ.என்.ஜி. வைசியாவாகி, 2015 ஏப்ரல் 1 அன்று கோட்டக்கில் கலந்தது. டிரினிட்டி சர்க்கிள் பக்கத்தில் விஜயா வங்கியின் தலைமை அலுவலகம், என் வீட்டிலிருந்து நடை தூரம். 1931-ல் மங்களூரில் ஏ.பி. ஷெட்டி தொடங்கியது, முல்கி சுந்தரராம் ஷெட்டி வளர்த்தது. 2019 ஏப்ரல் 1 அன்று தேனா வங்கியோடு சேர்த்துப் பேங்க் ஆஃப் பரோடாவில் கரைத்தார்கள். லாபத்தில் இருந்த வங்கியை ஏன் என்று அதன் ஊழியர்கள் கேட்டது நியாயமான கேள்வி. 2020 ஏப்ரல் 1 அன்று சிண்டிகேட் வங்கி கனராவிலும், கார்ப்பரேஷன் வங்கி யூனியன் வங்கியிலும் போய்ச் சேர்ந்தன.

சிண்டிகேட் வங்கியைப் பற்றி ஒரு வார்த்தை. 1925-ல் உடுப்பியில் டி.எம்.ஏ. பை, உபேந்திர பை, வாமன் குட்வா மூவரும் தொடங்கினார்கள். 1928-ல் பிக்மி என்று ஒரு திட்டம் கொண்டு வந்தார்கள். ஏஜென்ட் தினமும் வீட்டுக்கும் கடைக்கும் வந்து இரண்டணா ஆனாலும் வாங்கிக்கொண்டு அட்டையில் குறித்துவிட்டுப் போவார். அல்சூர் பஜாரில் பூக்கடை, காய்கறிக்கடை வைத்திருந்த பெண்கள் பலர் அப்படிச் சேர்த்துதான் மகள்களுக்கு நகை வாங்கினார்கள். என் அம்மாவும் ஒரு பிக்மி அட்டை வைத்திருந்தார். மகன் வேலை பார்க்கிற வங்கியில் போடச் சொன்னால், “அவன்தான்டா வீட்டுக்கு வரான், நீ வருவியா?” என்பார். சிறு பணத்தைத் தேடி வீட்டுப் படியேறிய அந்த யோசனை, என் கணக்கில், இந்திய வங்கித் தொழில் பெருமைப்பட வேண்டிய விஷயங்களில் முதல் வரிசை.

படியேறி வந்தவர் ஊர்ப் பாஷை பேசினார் என்பதும் முக்கியம். 2025 மே மாதம் ஆனேக்கல் வட்டத்தில் ஒரு வங்கிக் கிளையில் கன்னடம் பேச மாட்டேன் என்று அதிகாரி சொன்ன வீடியோ பரவி, முதலமைச்சர் சித்தராமையாவே கண்டித்தார். கன்னட அமைப்புகள் கொதித்தன. கர்நாடகத்தில் தமிழனாகப் பிறந்து, பாஷைத் தகராறுகளின் சூட்டை நன்றாக அறிந்தவன் நான். இந்த விஷயத்தில் எனக்கு இரண்டாம் எண்ணமே இல்லை. கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிற கிழவிக்குப் புரிகிற பாஷையில் பேசுவது வங்கிக்காரனின் வேலையில் பாதி. நான் ராமநகரத்தில் கன்னடமும் தக்கினியும் தமிழும் ஒரே மணி நேரத்தில் மாறி மாறிப் பேசினேன், அதை யாரும் சாதனையாக நினைக்கவில்லை. கிளார்க் தேர்வை 13 வட்டார மொழிகளில் நடத்தச் சொல்லி 2021 செப்டம்பரில் நிதியமைச்சகம் பரிந்துரைத்தது நல்ல காரியம். அதிகாரிகளை ஓர் ஊரில் போடும்போதும் அதே அக்கறை வேண்டும்.

இணைப்பு இப்போது கிராம வங்கிகளுக்கு வந்திருக்கிறது. முதல் ஐந்து கிராம வங்கிகள் திறந்தது 1975 அக்டோபர் 2, மைசூர் பேங்க் திறந்த அதே தேதி. அவற்றின் மூலதனத்தில் மத்திய அரசுக்கு 50 சதவீதம், மாநில அரசுக்கு 15, பின்னால் நிற்கிற வங்கிக்கு 35. மைசூரைத் தலைமையாகக் கொண்ட காவேரி கிராமீண வங்கிக்குப் பின்னால் நின்றது நாங்கள். 2019 ஏப்ரலில் அது இன்னொரு கிராம வங்கியோடு சேர்ந்து கர்நாடக கிராமீன் வங்கி ஆனது. தமிழ்நாட்டில் பல்லவன், பாண்டியன் இரண்டும் சேர்ந்து சேலத்தில் தமிழ்நாடு கிராம வங்கி ஆனதும் அதே ஏப்ரலில்தான். 2025 மே 1 முதல் ஒரு மாநிலத்துக்கு ஒரே கிராம வங்கி, நாடு முழுக்க 43 இருந்தது 28 ஆயிற்று. கர்நாடகத்துக்கானதற்குத் தலைமை அலுவலகம் பல்லாரி. ராமநகரத்துக்கும் பல்லாரிக்கும் நடுவே 300 கிலோமீட்டருக்கு மேல்.

43, 28, பல்லாரி என்று பிள்ளைகள் எழுதிக்கொள்கிறார்கள். வேலை கிடைத்துப் போகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். எந்த ஊரில் போட்டாலும் முதல் மாதத்திலேயே அந்த ஊர்ச் சந்தைக்குக் காலையில் போய் நில்லுங்கள். பட்டு ஊர் என்றால் ரீலர் கூட்டை எடுத்துக் காதருகே வைத்து ஏன் ஆட்டிப் பார்க்கிறார் என்று அவரிடமே கேளுங்கள். பங்காரப்பேட்டையிலிருந்து வந்து படித்த ஒரு பெண்ணுக்குப் போன வருடம் சிட்லகட்டா பக்கம் கிளை கிடைத்தது. அங்கேயும் பெரிய கூடு மார்க்கெட் உண்டு. சேர்ந்த சில வாரங்களில் போன் செய்தாள். “சார், இங்க ரீலருங்களுக்குக் காலையில எட்டு மணிக்கே பணம் வேணுமாம், செல்போன்ல அனுப்புற லிமிட் பத்தலைங்கறாங்க. மேனேஜர்கிட்ட எப்படி எழுதிக் கேக்கறது?” என்றாள். அன்று சாயங்காலம் இருவரும் போனிலேயே அந்தக் கடிதத்தை எழுதி முடித்தோம், கூடு எத்தனை நாளில் துளைபடும் என்கிற கணக்கை முதல் பாராவில் வைத்து.